பேன்டம் முட்டை, இன்குபேட்டர், குஞ்சு: கேள்வி பதில்

பேன்டம் (உருவில் சிறிய கோழி வகை) முட்டையை இன்குபேட்டரில் (முட்டை பொரிக்க வைக்கும் பெட்டி) வைப்பது, பொரித்த குஞ்சை முதல் சில வாரம் காப்பாற்றுவது, இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் சொல்கிறேன். கேட்கும்போது மூன்று விவரம் எழுதுங்கள்: பெட்டியில் விசிறி உண்டா, இன்று எத்தனையாவது நாள், தெர்மாமீட்டர் எந்த இடத்தில் இருக்கிறது.

கேள்வி: விசிறி இல்லாத பெட்டி. 37.5-ல வச்சேன். பெரிய கோழி முட்டை ஓரளவு பொரிக்குது. பேன்டம் முட்டை மட்டும் 22 நாள் தாண்டியும் இழுக்குது, வர்ற குஞ்சும் வயிறு ஊதி சோர்ந்து கிடக்குது. தெர்மாமீட்டர் பக்கச் சுவர்ல மாட்டியிருக்கு.

பதில்: 37.5 டிகிரி செல்சியஸ் விசிறி உள்ள பெட்டிக்கான அளவு. அங்கே காற்று சுழல்வதால் மேலும் கீழும் ஒரே சூடு. விசிறி இல்லாத பெட்டியில் சூடு மேலே அடுக்கி நிற்கும், தரை குளிர்ந்திருக்கும். அதில் முட்டையின் மேல் விளிம்பு மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வேண்டும். பேன்டம் முட்டை சிறியது என்பதால் அதன் மேல் விளிம்பு பெரிய முட்டையின் விளிம்பைவிடத் தாழ்வாக, குளிர்ந்த அடுக்கில் இருக்கிறது. தாமதமும் ஊதிய வயிறும் சூடு குறைந்ததற்கான அடையாளம். தெர்மாமீட்டரைச் சுவரிலிருந்து எடுத்து, பேன்டம் முட்டைகளுக்கு நடுவே, அவற்றின் மேல் மட்டத்துக்குச் சமமாக வையுங்கள். இரண்டு வகை முட்டையையும் ஒரே ஈட்டில் கலக்க வேண்டாம்.

அதற்கு முன் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். சென்சார் நீர் புகாத வகையாக இருந்தால், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்து வெதுவெதுப்பான நீரில் பிடித்து இரண்டும் ஒன்றே காட்டுகிறதா என்று பாருங்கள். அரை டிகிரி வித்தியாசம்கூடப் பொரிக்கும் நாளைத் தள்ளிப்போடும்.

தானாகத் திருப்பும் தட்டு இருந்தால் இன்னொன்று: அதன் குழிகள் பெரிய முட்டைக்கு அளவெடுத்தவை. பேன்டம் முட்டை அதில் சரிந்து குறுகிய முனை மேலே போய்விடும். காகிதத்தை மடித்துப் பக்கத்தில் செருகுங்கள். அகன்ற முனைதான் மேலே இருக்க வேண்டும்.

கேள்வி: 21 நாளா, 19 நாளா அண்ணா?

பதில்: இரண்டும் சரி. செராமா போன்ற மிகச் சிறிய இனங்கள் 19-லேயே வரும், மற்ற பேன்டம் 20, 21. அதனால் முட்டையைத் திருப்புவதை 17-ஆம் நாளே நிறுத்திவிடுங்கள். முட்டை வைத்த நாளை ஒன்றாக எண்ணாதீர்கள். முழுதாக 24 மணி நேரம் கடந்தால்தான் ஒரு நாள்.

கேள்வி: ஈரப்பதம் எவ்வளவு? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

பதில்: முதல் 17 நாள் 45 முதல் 50 சதவீதம், கடைசியில் 65 முதல் 70. இது தொடங்கும் இடம் மட்டுமே. அளக்க வேண்டியது முட்டையை. 18 நாளுக்குள் முட்டை தன் எடையில் 12, 13 சதவீதம் நீரை இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் உள்ள காற்றறை போதிய அளவு விரியும், குஞ்சு அதில் மூக்கை நுழைத்து முதல் மூச்சை இழுக்க முடியும்.

0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். முட்டைகளுக்குப் பென்சிலால் எண் போட்டு (மை வேண்டாம்) ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். பத்து முட்டை சேர்ந்து 320 கிராம் என்றால், 13 சதவீதம் ஏறக்குறைய 42 கிராம். நாளுக்கு 2.3 கிராம். 6-ஆம் நாள் 14 கிராம் குறைந்திருந்தால் எதையும் தொடாதீர்கள். 9 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் ஈரம் அதிகம், தண்ணீர்ப் பாத்திரத்தை எடுங்கள். 19 கிராம் போய்விட்டால் அகலமான பாத்திரம் வையுங்கள். ஈரத்தைக் கூட்டுவது தண்ணீரின் மேற்பரப்பு. ஆழம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. இடையில் கூமுட்டையை எடுத்துவிட்டால் அதன் எடையைத் தொடக்கக் கணக்கிலிருந்தும் கழிக்க வேண்டும். தனித்தனியாக எழுதச் சொன்னது அதற்குத்தான்.

கேள்வி: இதை ஏத்துக்க முடியாது. தண்ணியே ஊத்தாம 18 நாள் வைக்கிறேன், பத்துக்கு எட்டு பொரிக்குது. 50 சதவீதம் வச்சா குஞ்சு முட்டைக்குள்ளேயே மூழ்கிடும். உலர் முறைதான் பேன்டத்துக்குச் சரி.

பதில்: பத்துக்கு எட்டு நல்ல பொரிப்பு, மாற்ற வேண்டாம். ஆனால் அதை எல்லோருக்கும் முறையாகச் சொல்வதில்தான் பிரச்சினை. தண்ணீர் ஊற்றாத பெட்டியின் ஈரத்தை உங்கள் அறைதான் தீர்மானிக்கிறது. 28 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள அறைக்காற்று பெட்டிக்குள் 37.5-க்குச் சூடானால் ஏறக்குறைய 47 சதவீதமாகும். நான் சொன்ன அளவு, ஒரு சொட்டு நீர் இல்லாமலே. 20 டிகிரியில் 50 சதவீதமுள்ள அறைக்காற்று அதே பெட்டியில் 18 சதவீதமாகிவிடும், குஞ்சு காய்ந்து ஓட்டோடு ஒட்டும். முறை ஒன்று, விளைவு இரண்டு.

கேள்வி (அவரே): அப்போ என் அறை ஈரமானதுன்னு சொல்றீங்க. என் ஹைக்ரோமீட்டர் பெட்டிக்குள்ள 28-தான் காட்டுது.

பதில்: அந்த ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் காட்டும் கருவி) நம்புவதற்கு முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் உப்பு எடுத்து, ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, ஹைக்ரோமீட்டரோடு காற்றுப் புகாத பையில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 60 காட்டினால் உங்கள் கருவி 15 குறைத்துச் சொல்கிறது. விலை குறைந்த கருவிகளில் இவ்வளவு பிழை சாதாரணம்.

கேள்வி (வேறொருவர்): ரெண்டு பேர் சண்டையில ஒண்ணு கேக்கணும். மூடியைத் திறக்காதேன்னு எப்பவும் சொல்றீங்க, எடை போடத் திறக்கச் சொல்றீங்களே?

பதில்: நியாயமான கேள்வி. முதல் 17 நாளில் ஐந்து நிமிடம் திறப்பது பாதிக்காது. அடைக்கோழியும் தினம் இரை தேட எழுந்து போகிறது. கடைசி மூன்று நாள் வேறு. ஓட்டில் துளை விழுந்த பிறகு உள்சவ்வு வெளிக்காற்றில் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் ஈரம் வெளியேறும், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுகும், குஞ்சு திரும்ப முடியாமல் சாகும். அந்த மூன்று நாளுக்குத் திறக்கவே திறக்காதீர்கள்.

கேள்வி (உலர் முறைக்காரர்): உப்புச் சோதனை பண்ணினேன். 58 காட்டுது.

பதில்: 17 குறைத்துக் காட்டுகிறது. 28 என்று நீங்கள் பார்த்தது 45-ஐ ஒட்டிய அளவு. நாம் இருவரும் ஒரே ஈரத்தில்தான் பொரித்துக்கொண்டிருக்கிறோம். காற்று வறண்ட மாதங்களில் எடையைப் பார்த்துத் தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: நாலாம் நாள் லைட் அடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. தூக்கிப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். 7-ஆம் நாள் பாருங்கள், ஓடு அடர்நிறமானால் 10. சிலந்தி போல நரம்பு பிரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் இறந்த கரு. ஒன்றுமே இல்லாவிட்டால் கூமுட்டை.

கேள்வி: ஜப்பானிய பேன்டம், ரெண்டும் குட்டைக் கால், நல்ல ஜோடி. ஒவ்வொரு ஈட்டிலும் கால்வாசி முட்டை ஆரம்பத்துலேயே போயிடுது. சேவல்ல குறையா?

பதில்: சேவலில் குறையில்லை, பெட்டியிலும் இல்லை. குட்டைக் காலைத் தருவது க்ரீப்பர் என்ற ஜீன் (மரபணு). ஒரு பிரதி இருந்தால் கால் குட்டை. இரண்டு பிரதி சேர்ந்தால் கரு முதல் சில நாளிலேயே இறந்துவிடும். குட்டையோடு குட்டை சேர்த்தால் சராசரியாகக் கால்வாசிக் கரு இறக்கும், பாதி குட்டைக் கால், கால்வாசி நீளக் கால். 7-ஆம் நாள் வெளிச்சத்தில் அவற்றைக் கூமுட்டை என்றே பலர் நினைத்து நல்ல சேவலை மாற்றிவிடுகிறார்கள். கூடவே வரும் நீளக் கால் குஞ்சைக் கழித்துவிடாதீர்கள். அதைக் குட்டைக் காலோடு சேர்த்தால் பாதி குட்டை, பாதி நீளம், இந்த ஜீனால் ஒரு சாவும் இல்லை. கண்காட்சிக்கு அல்லாமல் வீட்டில் வளர்ப்பவர்கள் அந்தச் சேர்க்கையையே வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

கேள்வி: முட்டை உருண்டையா இருந்தா பெட்டை, கூரா இருந்தா சேவலா?

பதில்: இல்லை.

கேள்வி: ஓட்டுல துளை போட்டு 6 மணி நேரம் ஆச்சு, நகரவே இல்ல. உடைச்சு விடவா?

பதில்: வேண்டாம். துளை போட்டபின் 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு ஓய்வெடுப்பது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் அது சவ்வில் உள்ள நரம்புகளின் ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுக்கிறது. இப்போது உடைத்தால் ரத்தம் போய்ச் சாகும். 24 மணி நேரம் தாண்டி, சவ்வு வெள்ளைக் காகிதம் போலக் காய்ந்து, உள்ளே குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, காற்றறைப் பக்கத்து ஓட்டைக் கொஞ்சமாக எடுங்கள். ரத்தப் புள்ளி தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: 3 மணி நேரமா துளை மட்டும் இருக்கு. திறக்கலாமா?

பதில்: மேலே உள்ள பதில். திறக்காதீர்கள்.

கேள்வி: கரண்ட் போனா?

பதில்: மூடியைத் திறக்காதீர்கள், பெட்டியைக் கம்பளியால் மூடுங்கள், காற்றுத் துளையை அடைக்காதீர்கள். சில மணி நேரக் குளிரை முட்டை பெரும்பாலும் தாங்கும். சூடு ஏறினால்தான் ஆபத்து: 40-ஐத் தாண்டினால் வேகமாகச் சாகும்.

கேள்வி: பொரிச்ச குஞ்சு ரெண்டாம் நாளே ஒவ்வொண்ணா சாகுது. ஒண்ணு தண்ணிக் கிண்ணத்துல கிடந்தது. கால் விரிஞ்சு ஒண்ணு.

பதில்: பேன்டம் குஞ்சுக்குப் பெரிய குஞ்சின் தண்ணீர்ப் பாத்திரம் குளம். அதில் கோலிக்குண்டு நிரப்புங்கள், அலகு மட்டும் நுழைய இடம் போதும். கால் விரிவதற்குத் தரைதான் காரணம்: செய்தித்தாளும் வழுவழுப்பான தட்டும் ஆகாது, சொரசொரப்பான துணி விரியுங்கள். விரிந்த காலை, இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டு மெல்லிய ஒட்டு நாடாவால் கட்டினால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் சரியாகும்.

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். விளக்கை ஒரு மூலையில் வையுங்கள், குஞ்சுக்கு ஒதுங்க இடம் வேண்டும். விளக்கின் கீழ் குவிந்து கத்தினால் குளிர், சுவரோரம் வாய் திறந்து நின்றால் சூடு. பெரிய இனக் குஞ்சோடு சேர்க்காதீர்கள், மிதித்துவிடும். தீவனம் 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம். முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: மூணாவது வாரம் எச்சத்துல ரத்தம்.

பதில்: ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். இன்றே கால்நடை மருத்துவரிடம் எச்சத்தை எடுத்துப் போங்கள். ஆம்ப்ரோலியம் மருந்தின் அளவை அவர் சொல்லட்டும். ஈரமான தரைவிரிப்பை இப்போதே மாற்றுங்கள்.

கேள்வி: வாத்து முட்டைக்கு?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: ஈரப்பதம் 60 வச்சா போதுமா?

பதில்: எடை போடுங்கள்.

கேள்வி: 22-ஆம் நாள். நாலு முட்டை மிச்சம், சத்தமே இல்ல.

பதில்: 23-ஆம் நாள் முடியும்வரை விடுங்கள். பிறகு வெளிச்சத்தில் பார்த்து, அசைவே இல்லாதவற்றைக் குப்பையில் போடும் முன் உடைத்துப் பாருங்கள். குஞ்சு வழுவழுப்பாக நீரில் ஊறி, காற்றறை சிறிதாக இருந்தால் ஈரம் அதிகம். சவ்வு இறுகி ஒட்டியிருந்தால் ஈரம் குறைவு. தலை குறுகிய முனையில் இருந்தால் முட்டை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கலாம். பார்த்ததை அந்த முட்டையின் எண்ணுக்கு நேரே, எடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பெட்டியை சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினி போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த ஈடு.