நாலு கரும்புள்ளி

கேள்வி: உழுகிற நிலத்துக்கு அடியில் பழங்காலக் கிராமம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆசையாய்ப் போய்ப் பார்த்தால் சுவர் இல்லை, சிலை இல்லை, ஒரு கல்வெட்டுகூட இல்லை. கொஞ்சம் ஓட்டுச் சில்லு, மண்ணில் நாலு கரும்புள்ளி, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஊர் இருந்தது என்பது கண்கட்டு வித்தை இல்லையா?

பதில்: சிலையையும் கல்வெட்டையும் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவை காசும் அதிகாரமும் உள்ளவர்கள் விட்டுப்போனவை. உழுது பிழைத்தவன் மரக்கம்பம் நட்டான், தட்டிக்கு மண் பூசினான், மேலே புல் வேய்ந்தான். வீடு விழுந்ததும் மண் மண்ணோடு போயிற்று, மரத்தைக் கறையான் தின்றது. மிச்சம் அந்தக் கறைதான். கேலி செய்யுமுன் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்.

கம்பம் நடக் குழி தோண்டுகிறார்கள். நட்டபின் தோண்டிய மண்ணையே சுற்றிலும் போட்டு இடிக்கிறார்கள். பல வருஷம் கழித்துக் கம்பம் உளுத்துப்போக, அது நின்ற இடத்தில் கறுத்த மேல்மண் இறங்கி நிரம்பிவிடுகிறது. உழவு மண்ணை வழித்தெடுத்து, தரையைக் கரண்டியால் மெல்லச் சீவினால், வெளிர்ந்த அடிமண்ணில் மங்கலாக ஒரு பெரிய வட்டம், அதற்குள் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். பெரியது தோண்டிய குழி, சின்னது நின்ற கம்பம். அப்புறம் பாதியை மட்டும் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். நேராக இறங்கி அடியில் முடிந்தால் கம்பம். கோணல்மாணலாக எங்கோ ஓடினால் எலி வளையோ மரவேரோ. அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். மண் காய்ந்தால் நிறமும் ஓடிவிடும் என்பதால் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்ப்பதும் உண்டு. நீங்கள் உச்சிவெயிலில் போயிருப்பீர்கள் என்பது என் சந்தேகம்.

ஒற்றைப் புள்ளி எதையும் நிரூபிக்காது, சரி. ஆனால் பதினைந்து இருபது புள்ளிகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வட்டம் கட்டி நின்று, ஒரு பக்கம் மட்டும் இடைவெளி அகன்றிருந்தால், அது வாசல் இல்லாமல் வேறென்ன?

ஓட்டுச் சில்லு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். வீட்டுக் குப்பையை எருவோடு வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டும்போது உடைந்த சட்டியும் கூடவே போகும். ஆகவே நிலமெங்கும் தேய்ந்த சில்லுகள் இறைந்து கிடந்தால், பக்கத்தில் எங்கோ குடியிருந்தவர்கள் அங்கே எரு போட்டார்கள் என்பதற்குமேல் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் நெருக்கமாக, முனை மழுங்காமல், சாம்பலோடும் வெந்த களிமண்ணோடும் கருகிய தானியத்தோடும் வந்தால்தான் பேச்சு வேறு. நாலு சில்லைக் கையில் ஏந்திப் படம் பிடித்துக்கொண்டு மாநகரம் என்று அறிக்கை விடுகிறவர்களை எனக்கும் ஆகாது.

கறையைப் படிக்கத் தெரியாமல் அறிஞர்களே சறுக்கிய கதை ஒன்று உண்டு. இரும்புக்கால மக்கள் குழிகளுக்குள் குடியிருந்தார்கள் என்றே இங்கிலாந்தில் வெகுகாலம் எழுதிவந்தார்கள். குழியைத் தோண்டினார்கள், எலும்பும் சாம்பலும் கிடைத்தன, வீடு என்று முடிவுகட்டிவிட்டார்கள். நாஜிகள் பதவியைப் பறித்ததால் ஜெர்மனியை விட்டு வந்த அகழாய்வாளர் கெர்ஹார்ட் பெர்சு, 1938, 1939 ஆண்டுகளில் சாலிஸ்பரிக்கு அருகே லிட்டில் உட்பரியில் தோண்டினார். வானிலிருந்து எடுத்த படத்தில் தெரிந்த இடம் அது. அவர் குழிகளோடு நிற்காமல் சுற்றுத் தரையையும் அகலமாகத் திறந்தார். கம்பக்குழிகள் அணிவகுத்தன: சுமார் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்ட வீடு! வீடு என்று நம்பிய குழிகள் தானியக் குழிகள், மண்ணுக்குள் இருந்த குதிர்கள். பழுதானதும் குப்பை கொட்டி மூடியிருக்கிறார்கள்.

மண்ணுக்குள் தானியம் கெடாதா என்று அடுத்து கேட்பீர்கள். பீட்டர் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில், பழங்கால விவசாயத்தைச் செய்துபார்க்கவென்றே இங்கிலாந்தில் அமைத்த பட்சர் பண்ணையில் அதே மாதிரிக் குழி வெட்டி, தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பார்த்தார். ஓரத்து மணிகள் ஈரம் பட்டு முளைவிட்டு உள்ளேயிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. கரியமில வாயு நிரம்பியதும் மற்ற மணிகள் அப்படியே அடங்கிக் கிடந்தன. குளிர்காலம் முடிந்து எடுத்தபோது விதைக்கும் தரத்திலேயே இருந்தன.

தோண்டாமலே துப்புக் கொடுக்கும் பயிரையும் விட்டுவிடக் கூடாது. தூர்ந்த பழைய பள்ளத்தின் மேல் மண் ஆழம், ஈரமும் அதிகம். அந்த வரியில் மட்டும் பயிர் உயர்ந்து பச்சையாக நிற்கும். புதைந்த கல் தளத்தின் மேல் குட்டையாகிச் சீக்கிரம் பழுத்துவிடும். 2018 கோடை வறட்சியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வயல்களில் இப்படிக் கோடுகளும் வட்டங்களும் ஏராளமாக வெளிப்பட்டன. மனிதரும் மாடும் நெடுங்காலம் வாழ்ந்த மண்ணில், அவர்கள் கழிவிலிருந்து சேரும் பாஸ்பேட் என்ற உப்பு தங்கிவிடும் என்பது இன்னொரு சாட்சி. அதை ஸ்வீடனில் கவனித்தவர் அகழாய்வாளர் அல்லர், ஒலோஃப் அர்ரேனியஸ் என்ற வேளாண் ஆய்வாளர்.

அடுத்த முறை போனால் சில்லுகளைப் பரப்பியிருக்கும் மேசையைத் தாண்டி உள்ளே போங்கள். கம்பக்குழியைப் பாதி வெட்டிய படத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினார்களென்றால் எனக்கு எழுதுங்கள், இருவரும் சேர்ந்தே திட்டுவோம்.