ஆன்டிவைரஸ் வாங்கினால் போதுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் அலுவலகம் நடத்துகிறேன். ஐந்து கம்ப்யூட்டர்கள். நெட்டில் எதையோ தேடும்போது ஒன்றில் ‘வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று அலாரம் அடித்தது. சர்வீஸ் செய்பவர் ஐந்துக்கும் ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்கிறார். போதுமா?

பதில்: அந்த எண்ணை அழைக்காதீர்கள். அது வெறும் வெப் பக்கம்தான். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதே இல்லை. பக்கம் மூடவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் ‘டாஸ்க் மேனேஜர்’ பட்டியலில் பிரவுசருக்கு ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். யாராவது ஏற்கெனவே அழைத்துப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஆன்டிவைரஸ் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது, தனியாகக் காசு கிடையாது. சர்வீஸ்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: போட்டுக் கொடுத்த விண்டோஸ் ஒரிஜினலா? திருட்டு விண்டோஸை ஒரிஜினல் போல ஓடவைக்கும் ‘ஆக்டிவேட்டர்’ போடுபவர்கள், அது மாட்டிக்கொள்ளக் கூடாதென்று டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். ஓர் அலுவலகத்தில் நானே திறந்து பார்த்தேன். ‘இவற்றைச் சோதிக்காதே’ என்ற பட்டியலில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. பூட்டை உடைத்தவரே காவலுக்கும் ஆள் விற்கிறார். இதை விடாதீர்கள், கேளுங்கள்.

அப்புறம், அட்மின் கணக்கை நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டு, ஊழியர்களுக்கு ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ கணக்கு போட்டுக் கொடுங்கள். அவர்களால் கண்டதையும் எளிதில் இன்ஸ்டால் செய்ய முடியாது.

டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி, அந்த வேலை மட்டும் இதற்கு ஒத்துவராது. ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருளை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள். அரசுத் தளமே இப்படிப் பழக்கினால், அனுமதி கேட்டு எந்தப் பெட்டி வந்தாலும் ஊழியர் ‘யெஸ்’ அழுத்தத்தானே செய்வார்? எத்தனை வருடமாகச் சொல்வது! டிஎஸ்சி கட்டாயம் என்பது கம்பெனிகளுக்கும் எல்எல்பிகளுக்கும்தான். தனிநபர் வியாபாரிகளுக்கு, போனுக்கு ஓடிபி வந்து உறுதிசெய்யும் இவிசி முறையே போதும். ஆகவே கையெழுத்துக்கென்று ஒரே ஒரு கம்ப்யூட்டர், அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையால், வேலை முடிந்ததும் டோக்கன் பீரோவுக்குள். அதில் வேறு எந்தத் தளமும் திறக்கக் கூடாது.

ஸ்டாண்டர்ட் கணக்காலும் தடுக்க முடியாத ஒன்று இப்போது பரவுகிறது. ஏமாற்றுப் பக்கம் ஒன்றில் ‘நான் ரோபோ இல்லை’ என்ற பெட்டியை டிக் செய்ததும், விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கன்ட்ரோல் வி, என்டர் அழுத்தச் சொல்லும். அழுத்தினால், அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் காப்பி செய்துவைத்த கட்டளை ஓடி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும். எந்த நல்ல தளமும் இப்படிக் கேட்காது. நாளைக் காலையில் ஐந்து பேரையும் ஒரு திரைக்கு முன் நிறுத்தி, எந்தத் தளம் சொன்னாலும் அழுத்தக் கூடாத அந்தப் பட்டன்களை வரிசையாகத் தொட்டுக் காட்டுங்கள்.