டாக்டர் சீட்டு இல்லாமல் ரத்தப் பரிசோதனை: 80 டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. சர்க்கரை, பி.பி. எதுவும் இல்லை. முடி கொட்டுகிறதே என்று 10 மி.கி. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை மட்டும் தினமும் போடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, டாக்டரிடம் போகாமல் நேராக லேபுக்கே போய் ரத்தம் கொடுத்துவிடலாமா? 80 டெஸ்ட் அடங்கிய பேக்கேஜ் ஒன்று பார்த்தேன். அதை எடுக்கலாமா?

பதில்: லேபுக்கு நேராகப் போகலாம். அந்த 80 மட்டும் வேண்டாம். சீட்டு கட்டாயமா என்பது இடத்துக்கு இடம் மாறும். லேபில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

80 ஏன் வேண்டாம்? ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எல்லை அச்சாகியிருக்கும். பெரும்பாலான டெஸ்ட்களுக்கு அந்த எல்லையை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? ஆரோக்கியமானவர்கள் பலருடைய ரத்தத்தைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை 'நார்மல்' என்று வைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், ஆனால் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஆக, ஒரு குறையும் இல்லாதவர் 80 டெஸ்ட் எடுத்தால் சராசரியாக 4 எண்கள் தடித்த எழுத்தில் வரும். 20 டெஸ்ட் எடுத்தால்கூட, அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், ஏதாவது ஒன்றாவது எல்லைக்கு வெளியே போகும் வாய்ப்பு 64 சதவீதம். லேபில் ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டு, மறு டெஸ்ட், ஸ்கேன் என்று அலைந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

பேக்கேஜில் புற்றுநோய்க் குறியீடுகள் என்று சிலவற்றைச் சேர்த்திருந்தால் அதைக் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். சி.ஏ. 125 மாதவிடாய்க் காலத்திலேயே ஏறும். சி.இ.ஏ. புகைபிடிப்பவர்களுக்கு ஏறியிருக்கும். நோய் உறுதியானவர்களைப் பின்தொடர்வதற்கு அவை உதவும். அறிகுறியே இல்லாதவருக்கு வீண் பயம்தான் மிஞ்சும்.

உங்கள் வயதில் கேட்காமலே எடுக்கத் தகுந்தவை மிகக் குறைவு. சர்க்கரைக்கு வெறும் வயிற்று டெஸ்ட் அல்லது எச்.பி.ஏ.1.சி. (கடந்த 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்), அப்புறம் கொழுப்பு. இதுவரை எடுத்ததே இல்லை என்றால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். எல்லாம் சரியாக வந்தால் சர்க்கரையை 3 வருஷத்துக்கு ஒருமுறையும் கொழுப்பை 4 முதல் 6 வருஷத்துக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரையோ இளவயது மாரடைப்போ இருந்தால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தை மட்டும் வருஷாவருஷம் அளந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம். அதனாலோ என்னவோ, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம், தண்ணீர் குடிக்கலாம். எச்.பி.ஏ.1.சி.க்குப் பட்டினி தேவையில்லை. முதல் தடவை பார்க்கும் கொழுப்புக்கும் பெரும்பாலும் தேவையில்லை. அதில் டிரைகிளிசரைடு என்ற வகைக் கொழுப்பு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுப்போம். முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். தசை களைத்திருந்தால், கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி ஏறி, கல்லீரலில் ஏதோ கோளாறு என்று தோன்றவைக்கும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐயோ, எச்.பி.ஏ.1.சி. 6.5-ஐயோ தொட்டுவிட்டால்? அறிகுறி எதுவும் இல்லாதபோது ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்டுவதில்லை. இன்னொரு டெஸ்டும் அதையே சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையிலும் எச்.பி.ஏ.1.சி. பொய்யாக உயரும். பொட்டாசியம் திடீரென்று ஏறியிருந்தால், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்துவிட்டதா என்று லேபில் உடனே கேளுங்கள். உடையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதில் மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது உங்கள் முடிக்கு வருவோம். ஒன்றுமில்லை என்கிறீர்கள், ஆனால் முடி கொட்டுகிறது. அப்படியென்றால் அதுவே ஓர் அறிகுறி. அதற்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மூன்றையும் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது; கூடவே தலையைப் பார்த்துச் சொல்ல ஒரு டாக்டரும் வேண்டும். எவ்வளவு நாளாகக் கொட்டுகிறது, எந்த இடத்தில், அதற்கு முன் காய்ச்சலோ பிரசவமோ இருந்ததா என்பதையெல்லாம் ரத்தம் சொல்லாது.

இதில் டி.எஸ்.எச். எடுக்கும்போதுதான் உங்கள் மாத்திரை குறுக்கே வரும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் போடுவது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். பல தைராய்டு டெஸ்ட் கிட்கள் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை வைத்தே வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் அது அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் பொய்யாக ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் மாதிரியே ரிப்போர்ட் வந்து நிற்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டையும் இது ஏமாற்றும் என்று, ஒரு மரணத்தையும் குறிப்பிட்டு, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது.

ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். உங்கள் அளவு அதிகம் என்பதால் 3 நாள் என்றே வைத்துக்கொள்ளலாம். சீட்டோடு வந்தால் டாக்டராவது கேட்டிருப்பார். நேராகப் போகும்போது, பெயர் எழுதும் இடத்திலேயே என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நீங்களே சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.