டிராயரில் தூங்கும் விசிட்டிங் கார்டுகள்

அன்புள்ள சார்,

சிறிய அளவில் பேக்கேஜிங் வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். நாலு பேரைத் தெரிந்திருந்தால்தான் தொழில் நடக்கும் என்று நண்பர்கள் சொல்லிச் சொல்லி, ஒரு வருடத்தில் ஆறு தொழில் சந்திப்புகளுக்குப் போய்விட்டேன். எனக்குக் கூச்ச சுபாவம். பாதி நேரம் ஓரமாக நின்று போனைப் பார்ப்பேன். மீதி நேரம் கூட வந்த நண்பரோடே பேசிக்கொண்டிருப்பேன். டிராயர் நிறைய கார்டுகள், ஒரு ஆர்டர்கூட இல்லை. வலியப் போய்ப் பேசினால் கையேந்துவது போல் இருக்கிறது. இதெல்லாம் வாய்ச்சாலகம் உள்ளவர்களுக்கு மட்டும்தானா?

கா.

அன்புள்ள கா.,

நண்பரோடே ஒட்டிக்கொண்டதற்காக வருந்த வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு சந்திப்புக்கு வந்த சுமார் நூறு தொழில்துறையினரிடம் மின்னணுப் பட்டை அணியக் கொடுத்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். புது ஆட்களைச் சந்திக்கத்தான் வந்தோம் என்றவர்களே தெரிந்த முகங்களைத் தேடிப் போய் நின்றார்கள். வாய்ச்சாலகக்காரர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

கையேந்துவது போல் இருக்கிறது என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். எதிரில் நிற்பவரை வாடிக்கையாளராகப் பார்ப்பதால் வரும் கூச்சம் அது. அவர் உங்கள் வாடிக்கையாளராக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் வாடிக்கையாளர் அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவராக இருக்கலாம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்களுக்குச் சேதி சொன்னது எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்க்கும் ஆள். நெருங்கியவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. எட்ட இருப்பவர்தான் வேறு உலகத்துச் சேதி கொண்டுவருகிறார். ஆகவே ஆர்டர் கேட்காதீர்கள். அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். உங்களைப் பற்றி ஒரு வரி போதும்: 'வழியில் உடைகிற பொருளுக்கு உடையாத பெட்டி வடிவமைக்கிறேன்.' இதை அவரால் இன்னொருவரிடம் திருப்பிச் சொல்ல முடியும். 'முழுமையான பேக்கேஜிங் தீர்வுகள்' என்றால் அவர் வாசலைத் தாண்டும் முன்பே மறந்துவிடுவார்.

நான் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த காலத்தில் ஒரு கண்காட்சியில் இரண்டே நாளில் அறுபது கார்டு சேர்த்தேன். ரப்பர் பேண்ட் போட்டு வைத்து, ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. அதற்கப்புறம், பேசி முடித்து நகர்ந்ததும் கார்டின் பின்னால் இரண்டு வார்த்தை எழுதிக்கொள்வேன். 'மூடி கசிகிறது', 'மகளும் இதே தொழில்' என்கிற மாதிரி. மறுநாள் அனுப்பும் செய்திக்கு அந்த இரண்டு வார்த்தைதான் முதலீடு. 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று எல்லோரும் அனுப்புகிறார்கள். 'மூடி கசிவதாகச் சொன்னீர்களே, இந்த வகை மூடியைப் பார்த்தீர்களா?' என்று ஒரு படத்தோடு அனுப்பினால் பதில் வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எழுதலாம். அதற்கு மேல் துரத்தக் கூடாது.

ஒரு கூட்டத்தில் மூன்று பேரோடு உருப்படியாகப் பேசினால் தாராளம்.

கூச்சத்துக்குச் சில குறுக்கு வழிகள் உண்டு. சீக்கிரமே போய்விடுங்கள்; ஆரம்பத்தில் எல்லோரும் தனியாகத்தான் நிற்பார்கள், அரை மணி நேரத்தில் வட்டங்கள் மூடிக்கொள்ளும். பேச்சாளரிடம் அரங்கிலேயே பெயரும் தொழிலும் சொல்லி ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். இடைவேளையில் இரண்டு பேராவது உங்களைத் தேடி வருவார்கள். முடிந்தால் அமைப்பாளர்களிடம் கேட்டு, பேட்ஜ் கொடுக்கும் மேஜையில் உட்காருங்கள். அங்கே பேச்சைத் தொடங்கும் வேலை உங்களுடையது இல்லை.

நண்பரை விட்டுவிட்டுப் போக வேண்டுமா? வேண்டாம். உள்ளே போனதும் அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் உங்களை அழைத்துப் போகச் சொல்லுங்கள், நீங்களும் அவருக்கு அதையே செய்யுங்கள். 'இவர் பெட்டி வடிவமைப்பில் கெட்டிக்காரர்' என்று நீங்களே சொல்லிக்கொள்ள முடியாது, அவர் சொல்லலாம்.