குடியிருப்பவர் வீட்டிலேயே தொழில் செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கும் அம்மா, இட்லி மாவு அரைத்து விற்க அனுமதி கேட்கிறார். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை, மறுக்க மனமில்லை. மேலும் கீழும் ஒரே மின் இணைப்பு. அவர்களுக்கு சப் மீட்டர் போட்டிருக்கிறோம். சம்மதிக்கலாமா?
வாசகி, மதுரை

சம்மதிக்கலாம். ஆனால் இப்போது இருக்கும் மின் இணைப்பில் வேண்டாம். மாடிக்குத் தனி இணைப்பு வாங்கிய பிறகுதான் கிரைண்டர் மேலே ஏற வேண்டும்.

நீங்கள் போட்டிருக்கும் சப் மீட்டர் உங்களுக்குள் கணக்குப் பார்க்கத்தான். மின்வாரியத்தைப் பொறுத்தவரை இணைப்பு உங்கள் பெயரில், வீட்டு உபயோகத்துக்கு என்று இருக்கிறது. அதில் விற்பனைக்கு மாவு அரைத்தால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி அனுமதியற்ற பயன்பாடு. பொருந்தும் கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. அந்த பில் வருவது உங்கள் பெயருக்கு. உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் அலுவலகத்தில், வீட்டளவில் மாவு அரைக்க எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு, அதன்படி மாடிக்கு இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். நாளொன்றுக்கு 10 கிலோ அரிசி, இரண்டரை கிலோ உளுந்து என்று வைத்தால், 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரில் மூன்று நான்கு ஈடாக, மொத்தம் இரண்டரை மணி நேரம் ஓடும். 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு மாதத்தில் 150 யூனிட். மாவு வைக்கத் தனி ஃபிரிட்ஜ் வாங்கினால் இன்னும் 60. பொது இணைப்பில் இது சேர்ந்து இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 100-க்கு மேல் வரும் அடுத்த 100 யூனிட்டுக்கான குறைந்த விலை போய்விடும். அதாவது அவர் அரைத்த மாவுக்காக உங்கள் பங்கு யூனிட்டுக்கும் விலை ஏறும்.

வயரிங்கைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். கிரைண்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன், 16 ஆம்பியர் பிளக். மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) 'சி' வகையாக இருக்கட்டும். 'பி' வகை போட்டால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும், யாராவது சலித்துப்போய் பெரிய அளவு எம்.சி.பி. மாட்டிவிடுவார்கள். வயர் கருகுவது அங்கேதான். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று செய்கிற வேலை இது; 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) சரியான எர்த்தும் கட்டாயம்.

மாவுத் தொழிலில் வீட்டுக்காரருக்கு உண்மையான தலைவலி தண்ணீர்தான். அரிசியை மூன்று நான்கு முறை களைவது, கிரைண்டர் கல்லையும் டிரம்மையும் கழுவுவது, பாத்திரங்கள் என்று தினமும் நூறு லிட்டரைத் தாண்டும். போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்பதைப் பொறுத்து அதற்கு ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். போகிற தண்ணீர் இன்னும் முக்கியம். கழுநீரில் இருக்கும் மாவு, தரையிலுள்ள நானி டிராப்பின் (தண்ணீர் இறங்கும் வாயில் நாற்றம் தடுக்கும் வளைவுக் குழாய்) வளைவில் பசைபோல் படியும். இரண்டு நாளில் புளித்து நாறும். சில மாதங்களில் மாடியிலிருந்து இறங்கும் குழாயே சுருங்கி, கீழே உங்கள் சமையலறைத் தொட்டி வழியாகப் பொங்கும். கிரைண்டர் கழுவிய முதல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் தெளியவைக்கச் சொல்லுங்கள். மேல்தண்ணீரை மட்டும் ஊற்றலாம். அடியில் தங்குவதை வழித்து மாட்டுக்குக் கொடுக்கலாம். கீழே உள்ள சேம்பரை (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டி) 15 நாளுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது அவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். சமையலறைக் கழிவுநீர் செப்டிக் டேங்கில் விழுகிற வீடு என்றால், முதலில் அந்த லைனைப் பிரிக்க வேண்டும்.

சத்தத்துக்குப் பெரிய சிக்கலில்லை. கிரைண்டரின் கால்களுக்கு அடியில் அரை அங்குல ரப்பர் மேட் போட்டு, சுவரில் ஒட்டாமல் வைத்தால் கான்கிரீட் வழியாக இறங்கும் அதிர்வு வெகுவாகக் குறையும். விடியற்காலையில் அரைக்கவும் தேவையில்லை. காலையில் ஊறவைத்து மதியம் இரண்டு மணிக்கு அரைத்தால், புளிக்காத மாவாக மாலை ஐந்துக்குப் பாக்கெட் போட்டுவிடலாம். புளித்த பிறகு அடைத்தால் பாக்கெட் உப்பி வெடிக்கும்.

அவர் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எடுக்க வேண்டும்; 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். மாநகராட்சியின் தொழில் உரிமம் தேவையா என்பதை வட்டார அலுவலகத்தில் அவரே கேட்டுக்கொள்ளட்டும்.

ஒப்பந்தத்தில் 'தொழில் செய்யலாம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: 'வாடகைதாரரும் அவர் குடும்பத்தினரும் மட்டும், வெளியாள் வைக்காமல், நாளொன்றுக்கு 10 கிலோ அரிசிக்கு மிகாமல், காலை 9 முதல் இரவு 7 வரை மாவு அரைக்கலாம், வாசலில் சில்லறை விற்பனையும் பெயர்ப்பலகையும் இல்லை, வேறு தொழிலுக்கு மாறுவதானால் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும்.' கடைசி வரி அவசியம். மாவு நன்றாகப் போனால் அடுத்து டிபன் போடத் தோன்றும். அப்போது 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்க வேண்டும். மாடிப்படி உள்ள வீட்டில் அதற்கு நான் சம்மதிக்கச் சொல்லமாட்டேன்.

குடியிருக்கும் தம்பி ஆன்லைனில் புடவை விற்கிறார். ஜி.எஸ்.டி. பதிவுக்கு என் சம்மதக் கடிதமும் மின் பில் நகலும் கேட்கிறார். அவர் வரி கட்டாவிட்டால் என் வீட்டுக்குச் சிக்கல் வருமா?
வாசகர், ஈரோடு

அவருடைய வரிப் பாக்கி உங்கள் கடனாகாது. வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்க அவருக்குப் பதிவு தேவை, ஆகவே கேட்பது நியாயம்தான். ஆனால் நோட்டீஸ் வருவதும் அதிகாரி நேரில் பார்க்க வருவதும் உங்கள் முகவரிக்குத்தான். பலர் வீட்டைக் காலிசெய்யும்போது பதிவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடுத்து வருபவர் அதே முகவரியில் பதிவு கேட்கும்போது தகராறு ஆகிறது. எனவே, காலிசெய்யும் முன் முகவரியை மாற்றியோ பதிவை ரத்து செய்தோ அதன் உத்தரவு நகலைக் கொடுத்தால்தான் அட்வான்ஸ் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். பில் நகலின் குறுக்கே 'ஜி.எஸ்.டி. பதிவுக்கு மட்டும்' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து எக்காரணம் கொண்டும் வேண்டாம். புடவைக் கட்டுகள் மாடிப்படியிலும் மீட்டர் பெட்டி அருகிலும் அடுக்கப்படக் கூடாது.

முன்னறையில் பியூட்டி பார்லர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள்.
வாசகி, திருச்சி

வேண்டாம். நாள் முழுக்க வெளியாட்கள் வந்துபோவது, பெயர்ப்பலகை, வணிக மின்கட்டணம், குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கான கூடுதல் சொத்து வரி எல்லாம் சேர்ந்தால் அது கடை. விடுவதென்றால் தனி வாசல் வைத்து, கடை வாடகை பேசி, கடையாகவே விடுங்கள்.

குடியிருப்பவர் கேட்காமலே பின்கட்டில் ஊறுகாய் போட்டு விற்கத் தொடங்கிவிட்டார். கரண்டைத் துண்டித்துவிடலாமா?
வாசகர், கும்பகோணம்

கூடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் என்றாகிவிடும். எதை நிறுத்த வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். புகைப்படம் எடுத்து வையுங்கள். அதன் பிறகும் வீட்டுக்குச் சேதமோ அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையோ தொடர்ந்தால், காலிசெய்யக் கோர அது ஒரு காரணம். அதற்கு வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். உங்களுடையது பதிவாகாத வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால், நோட்டீஸுக்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள்.