கேரியர் கிராண்ட் கிடைத்தால் ஐந்து வருடம் நிம்மதியா?

தம்பி, அமெரிக்காவில் வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, எச்-1பி விசாவில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். என்.எஸ்.எஃப் (அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை) இளம் பேராசிரியர்களின் ஆய்வுக்குத் தரும் ஐந்தாண்டு நிதியான கேரியர் கிராண்டுக்கு விண்ணப்பிக்கலாமா, கிடைத்துவிட்டால் டெனியூர் (நிரந்தரப் பணி) வரை பணக் கவலை இல்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக விண்ணப்பிக்கலாம். இதற்குக் குடியுரிமையோ பச்சை அட்டையோ கேட்க மாட்டார்கள். டெனியூருக்கு இட்டுச்செல்லும் பணியில் (டெனியூர் டிராக்) இருக்க வேண்டும், டெனியூர் கிடைத்திருக்கக் கூடாது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, ஜூலையில்தான். மொத்தமே மூன்று முறைதான் போட்டியிடலாம். கருவிகளைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் முன்பே ஒரு வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். உங்கள் மாணவர் எடுத்த முதல் தரவு கைக்கு வரட்டும்.

கவலை இல்லையா என்றால், இருக்கிறது. வந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் நம்பினேன். அதனால் என் மாணவி ஒருத்தி கஷ்டப்பட்டாள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் துறைக்குக் குறைந்தபட்சத் தொகை ஐந்து ஆண்டுகளுக்கு 4 லட்சம் டாலர், அதாவது ஆண்டுக்கு 80,000. பல்கலைக்கழகம் தன் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் ஓவர்ஹெட்டும் அதற்குள்ளேதான். ஆய்வுச் செலவின் மேல் அது 55 சதவீதம் என்றால் ஆய்வுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 52,000. (மாணவரின் டியூஷன் கட்டணத்துக்கு ஓவர்ஹெட் கிடையாது என்பதால் கொஞ்சம் கூடலாம்.) ஒரு பிஎச்.டி மாணவரின் உதவித்தொகை, டியூஷன், மருத்துவக் காப்பீடு மூன்றையும் கொடுத்தாலே அது கரைந்துவிடும். உங்கள் சம்பளம் ஒன்பது மாதத்துக்கு என்றால் கோடைச் சம்பளத்தையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எனக்கு இரண்டாம் முறை கிடைத்தது. அந்த நிம்மதியில் நான்காம் ஆண்டு முடியும்வரை அடுத்த ப்ரொபோசலில் (நிதி கேட்கும் விண்ணப்பம்) கை வைக்கவில்லை. எழுதி அனுப்பி முடிவு தெரிய ஆறு மாதம். நிராகரித்தார்கள். திருத்தி அனுப்பி, மறுபடி ஆறு மாதம். இடையில் பதினான்கு மாதம் கையில் கிராண்டே இல்லை. கிராண்டை ஒரு வருடம் நீட்டிக்கலாமே என்பார்கள். காலம்தான் நீளும், ஒரு டாலர்கூடக் கூடாது. அந்த மாணவி அப்போது நான்காம் ஆண்டில் இருந்தாள். டிபார்ட்மெண்ட் அவளுக்கு டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை கொடுத்துக் காப்பாற்றியது. பகலெல்லாம் லேப் வகுப்பும் விடைத்தாளும், இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அவளுடைய பரிசோதனை. கரைப்பான்களைப் பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கினோம். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. என்னை நம்பி விசாவில் வந்த பெண். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

ஆகவே கேரியர் கிடைத்த மூன்றாம் ஆண்டிலேயே அடுத்ததை எழுத ஆரம்பியுங்கள். ஒரு நிராகரிப்பைத் தாங்கும் அவகாசம் அப்போதுதான் இருக்கும். கேரியரைக் கேரியராகவே புதுப்பிக்க முடியாது, சாதாரணத் திட்டங்களில்தான் போக வேண்டும். அங்கே 15 பக்கத் திட்ட விவரத்துக்குள், முந்தைய என்.எஸ்.எஃப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று 5 பக்கம் வரை சொல்லலாம். சொல்வதற்குக் கட்டுரைகள் வெளிவந்திருக்க வேண்டுமே! பெரிய கட்டுரைக்காக எல்லாவற்றையும் அடைகாக்காமல், முடிந்த வேலையை உடனே வெளியிடுங்கள்.

என்.எஸ்.எஃபில் உங்கள் பிரிவைக் கவனிக்கும் ப்ரோக்ராம் ஆபீசரிடம் பேச நம்மில் பலருக்குத் தயக்கம். அதிகாரியைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பிப் பேச நேரம் கேளுங்கள். இந்த யோசனை தன் பிரிவுக்குப் பொருந்துமா என்று சொல்வதும் அவர் வேலைதான். ப்ரொபோசல்களை மதிப்பிடும் ரிவ்யூ பேனலில் உட்கார விருப்பம் என்றும் எழுதிவையுங்கள். மற்றவர்களின் இருபது ப்ரொபோசல்களைப் பற்றிப் பேசுவதை ஒரு முறை கேட்டபின் என் எழுத்தே மாறியது.

ஒரே இடத்தையும் நம்பக் கூடாது. 2025-இல் நடந்துகொண்டிருந்த கிராண்டுகளையே நடுவில் ரத்து செய்ததைப் பார்த்தோம். அமெரிக்க வேதியியல் கழகத்தின் பெட்ரோலிய ஆய்வு நிதியில் புதியவர்களுக்கென்று ஒரு கிராண்ட் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். தொகை சிறிது, ஆனால் ஓவர்ஹெட் கிடையாது. உங்கள் ஆய்வு உயிரியல் பக்கம் சாய்ந்தால் என்.ஐ.எச் (அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம்) இருக்கிறது. பிஎச்.டி முடித்து 10 ஆண்டுக்குள் முதல் பெரிய கிராண்டுக்குப் போனால், தொடக்கநிலை ஆய்வாளர் என்று தனியாகக் கவனிப்பார்கள்.

கடைசியாக, ஆய்வகம் தொடங்கப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்த ஸ்டார்ட்-அப் பணம். பல இடங்களில் அதற்குக் காலாவதித் தேதி உண்டு. இந்த வாரமே டிபார்ட்மெண்ட் தலைவருக்கு மின்னஞ்சல் போட்டு, அது எந்தத் தேதி, நீட்டிக்க முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். முடியும் என்றால், ஒரு மாணவரின் ஒரு வருடச் செலவைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள்.