கேள்வி – பதில்: தூண்டில் ரீல் முழுக்கக் கம்பி சுற்றலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி அணையில் ஆழத்தில் கிடக்கும் வாளை மீனுக்கு, நைலானுக்குப் பதில் உலோகக் கம்பியையே சுற்றலாமா? என்னிடம் இருப்பது ஸ்பின்னிங் ரீல்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம். முழுநீளக் கம்பி, மோட்டார் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் போவதற்கானது. அதற்குப் பயன்படும் மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) கம்பி தன் எடையிலேயே அமிழும். 10 அடி விட்டால் ஏறக்குறைய 1 அடி இறங்கும் என்பது படகுக்காரர் கணக்கு. நிரம்பினாலே 52 அடி காட்டும் அணையில், அதுவும் கரையிலிருந்து வீச, அது வீண் செலவு. ஸ்பின்னிங் ரீலில் இன்னும் மோசம். ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) ஏறும்போதே கம்பி முறுக்கிக்கொள்ளும், தளர்ந்த இடத்தில் வளையம் விழும், இழுத்தால் மடியும். மடிந்த இடத்தை நிமிர்த்திப் பயனில்லை. பெரிய மீன் மாட்டினால் அங்கேதான் அறும்.

உங்களுக்கு முனையில் மட்டும் கம்பி போதும். 0.40 மி.மீ. நைலான் நரம்பு, சுழலி (முறுக்கு ஏறாமல் சுழலும் சிறு இணைப்பு), பிறகு 30 செ.மீ. ஏழிழை ஸ்டீல் லீடர் (முள்ளுக்கு முன் வரும் கம்பித் துண்டு), முள். வாளையின் பொடிப் பற்கள் நைலானை அராவிவிடும், அதற்குத்தான் இது. லீடரில் முடிச்சு வேண்டாம். சிறு உலோகக் குழாயை நசுக்கிப் பொருத்துங்கள். கட்டிங் பிளேயரின் வெட்டும் பகுதியால் நசுக்கினால் இழை வெட்டுப்படும். கட்லா, ரோகுவுக்கு லீடரே தேவையில்லை.